ரேகை விழுகல

"ரேகை விழுகல ஆயா. தொடச்சுட்டு இன்னொருக்கா வையுங்க."

சேலத்தில் எந்த ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் மதியத்துக்குள் இந்த வாக்கியம் பல தடவை காதில் விழும். ஆயா முந்தானையில் கட்டைவிரலைத் துடைக்கிறார், வைக்கிறார். ஆதாரில் பதிந்த ரேகையோடு ஒத்துப்பார்க்கிற மெஷின் மறுக்கிறது. ஆள்காட்டி விரல், நடுவிரல், அந்தக் கை, இந்தக் கை. "பத்தும் வெச்சுட்டனே சாமி" என்கிறார். விற்பனையாளர் பொல்லாதவர் இல்லை. அவருக்கு முன்னால் இன்னும் முப்பது பேர் நிற்கிறார்கள். "பேரன் இருந்தா கூட்டிட்டு வாங்க, இல்லீனா நாளைக்கு வந்து பாருங்க" என்று கார்டைத் திருப்பிக் கொடுக்கிறார். ஆயா வெறும் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கிறார்.

இதில் மனதை விட்டுப் போகாமல் உறுத்துவது அந்த வாக்கியம்தான். மழை விழுகல என்பதுபோல ரேகை விழுகல என்கிறோம். மெஷினுக்கு அடையாளம் தெரியவில்லை என்று யாரும் சொல்வதில்லை. குற்றம் விரலின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆயாவும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, "என் கை தேஞ்சு போச்சு கண்ணு" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லிவிட்டுப் போகிறார். அரசாங்கமோ கம்பெனியோ பாதுகாப்பு என்ற பெயரில் எதைக் கொண்டுவந்தாலும், அது தவறிப்போகும் நாளில் அந்தத் தவறுக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தொழில்நுட்பச் செய்திகளை நம்பாமல் படிக்கிற பழக்கம் எனக்கு இந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான். சேலத்தில் இதற்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

கையால் பிழைக்கிற ஊர்

இந்த ஊரின் தொழில்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் வெள்ளிப் பட்டறைகள். வெள்ளியை உருக்கிக் கம்பியாக இழுத்து, துண்டு துண்டாக வெட்டி, கண்ணி கண்ணியாகக் கோத்து, பொடி வைத்துப் பற்றவைத்து, அமிலத் தண்ணீரில் அலசி, பிரஷ் போட்டுத் தேய்த்து மெருகேற்றினால்தான் ஒரு ஜோடி கொலுசு. கடுகளவு கண்ணியை இடுக்கியால் பாதி நேரம், விரல்நுனியால் மீதி நேரம் பிடிக்கிறார்கள். சூடு, அமிலம், உரசல் மூன்றும் ஒரே இடத்தில், அதே விரல்நுனியில்தான் படுகின்றன. அம்மாப்பேட்டையிலும் குகையிலும் தறி. அறுந்த இழையை முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வழவழப்பாகிவிடும். ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்களில் பெண்கள் நாள் முழுக்க மரவள்ளிக் கிழங்கின் தோலை உரிக்கிறார்கள். ஈரமும் பாலும் மண்ணும் கத்தியும் என்று கை ஊறிக்கிடக்கிறது. செட்டிச்சாவடிப் பக்கம் மாக்னசைட் என்கிற வெள்ளைக்கல். சேர்வராயன் மலையில் காப்பிப் பழமும் மிளகும்.

ரேகை அடித்தோலில் உருவாகிற கோலம். மேல்தோல் தேய்ந்தாலும் சில வாரம் கைக்கு ஓய்வு கொடுத்தால் திரும்பத் தலைகாட்டும். ஆனால் கூலிக்காரர் கைக்கு யார் ஓய்வு கொடுப்பது? வயதாக ஆக ரேகையின் மேடுகளே தணிந்துபோகின்றன, தோல் வறள்கிறது, நெகிழ்வு குறைகிறது. இந்த இரண்டும் சேர்ந்த கை 65 வயதுக் கொலுசுத் தொழிலாளியின் கை. அந்தக் கையைத்தான் அடையாள அட்டையாக எடுத்துக்கொண்டார்கள். மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் தங்கள் விரலை வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் இதுதான் என்று முடிவு கட்டிய ஏற்பாடு இது என்பது என் தீர்மானமான கருத்து.

கண்ணாடிக்கு அடியில்

விரல் வைக்கிற அந்தச் சின்னக் கண்ணாடிக்கு அடியில் ஒரு விளக்கு, ஒரு முப்பட்டகம், ஒரு குட்டிக் கேமரா. தோலின் மேடு கண்ணாடியைத் தொடும் இடம் கறுப்பாகவும், தொடாத பள்ளம் வெளிச்சமாகவும் பதியும். தோல் வறண்டிருந்தால் மேடு முழுதாக ஒட்டாது, கோடு புள்ளி புள்ளியாக உடைந்து விழும். ஈரமாக இருந்தால் பள்ளத்திலும் தண்ணீர் நிரம்பி மை கொட்டியதுபோல அப்பிக்கொள்ளும். கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்கிற இடங்களைத்தான் கணினி குறித்துக்கொள்கிறது. உடைந்த கோட்டில் இல்லாத முடிவுகள் எல்லாம் முளைத்துவிடும். பழைய பதிவோடு ஒத்துப்பார்த்தால் பொருந்தாது.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். "இவர்தான் அவர்" என்று மெஷின் கண்டுபிடிப்பதே இல்லை. பரீட்சைத் தாள் திருத்துவதுபோல மார்க் போடுகிறது. பாஸ் மார்க்குக்கு மேலே வந்தால் ஆம், கீழே போனால் இல்லை. பாஸ் மார்க்கை உயர்த்தினால் உண்மையான ஆளே நிறையப் பேர் ஃபெயில் ஆவார்கள். தாழ்த்தினால் வேறு ஆள் நுழைந்துவிடலாம். ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறும். உலகத்தில் எந்த ரேகை மெஷினுக்கும் இதிலிருந்து விடுதலை கிடையாது. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பது ஒரு மனிதர் எடுக்கிற முடிவு. தவறினால் பட்டினி கிடப்பது யார், தவறினால் பணம் போவது யாருக்கு என்று யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. அதை ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் யாரும் மேடையில் பேசி நான் கேட்டதில்லை.

கடையில் மெஷின் காட்டுகிற பிழை எண்ணுக்கும் பொருள் உண்டு. 300 என்றால் ரேகை பொருந்தவில்லை. 330 என்றால் ஆதார் வைத்திருப்பவர் தன் ரேகையைப் பூட்டி வைத்திருக்கிறார். 811 என்றால் ஆதார் சேமிப்பிலேயே அவருடைய ரேகைப் பதிவு இல்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஆனால் கடையில் மூன்றுக்கும் ஒரே பேச்சுதான், ரேகை விழுகல. எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 300-க்குக் கை கழுவிப் பலன் உண்டு. 811-க்கு ஆயிரம் தடவை கழுவினாலும் பலன் இல்லை, ஆதார் மையத்துக்குத்தான் போக வேண்டும்.

300 வந்தால் செய்து பார்க்க வேண்டியவை கைப்பழக்கத்தில் தெரிந்தவைதான், ஆனால் வரிசையில் யாரும் சொல்லித் தருவதில்லை. வறண்ட கை என்றால் விரலை நெற்றியிலோ மூக்கு மடலிலோ ஒரு தடவை தேய்த்துவிட்டு வைத்தால் அந்த இயல்பான எண்ணெய்ப்பசை போதும். ஈரக் கை என்றால் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். கண்ணாடியில் முந்தைய ஆளின் பிசுக்கு இருந்தால் காய்ந்த மெல்லிய துணியால் துடைக்கச் சொல்லுங்கள். விரல்நுனியைக் குத்தக் கூடாது, சதைப்பகுதி முழுதும் படியும்படி தட்டையாக வைக்க வேண்டும். பலம் கொண்டு அழுத்தினால் மேடுகள் நசுங்கி ஒன்றோடொன்று கலந்துவிடும். வெயில் நேராகக் கண்ணாடியில் விழுந்தாலும் படம் கெடும், அதனால் வாசலில் மேசை போட்ட கடைகளில் ஒரு அட்டையை வைத்து நிழல் காட்டினாலே பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும். எல்லாவற்றையும்விட, கட்டைவிரலையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம். வேலையில் குறைவாகத் தேய்கிறது மோதிர விரல், அதிலும் பழக்கமில்லாத கையின் மோதிர விரல். அதை முதலில் வையுங்கள்.

ரப்பர் விரல்

இவ்வளவு சிரமமும் பாதுகாப்புக்காகத்தானே, போலி ஆள் வாங்கிப் போகாமல் இருக்கத்தானே என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. 2018-இல் தெலங்கானாவின் பெத்தப்பள்ளி மாவட்டத்திலிருந்து வந்த செய்தி அந்தச் சமாதானத்தை உடைத்தது. சிம் கார்டு விற்கிற ஒருவர், இணையத்தில் கிடைத்த நிலப் பத்திரங்களின் நகல்களை இறக்கி, அவற்றில் இருந்த கைநாட்டுகளை எடுத்து, ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற முறையிலேயே விரல் அச்சுகள் செய்துகொண்டார். பத்திரத்திலேயே ஆதார் எண்ணும் இருந்தது. எண்ணையும் ரப்பரையும் வைத்து ஆயிரக்கணக்கான சிம்களைப் பிறர் பெயரில் எடுத்தார். கண்ணாடியில் வைத்தது ரப்பர். மெஷின் ஆம் என்றது.

ஏன் என்பதை யோசித்தால் இன்னும் வலிக்கிறது. பத்திரப் பதிவில் மை தடவி நிதானமாக எடுத்த கைநாட்டு, கோடு கோடாகத் தெளிவாக இருக்கும். ரப்பர் வறளாது, வெடிக்காது, அமிலம் பட்டிருக்காது. மார்க் போடுகிற மெஷினுக்கு உழைத்துத் தேய்ந்த உண்மையான விரலைவிட அச்சு எடுத்த பொய்விரல்தான் நல்ல விரல். உண்மையைத் தள்ளிவிட்டுப் பொய்யை உள்ளே விடுகிற கதவுக்கு நாம் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

சிம்மோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும். இதே விரல்தான் வங்கிக் கணக்குக்கும் சாவி. ஊருக்குள் மளிகைக் கடையிலும் ஜெராக்ஸ் கடையிலும் விரல் வைத்துப் பணம் எடுக்கிற வசதி இருக்கிறதே, அதற்கு வேண்டியவை மூன்று: ஆதார் எண், வங்கியின் பெயர், விரல். ஏடிஎம் போல ரகசிய எண் கிடையாது, ஓடிபி கிடையாது. ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். ஊரக வேலைத் திட்டக் கூலியும் முதியோர் பென்ஷனும் வந்து விழுகிற கணக்குகள் இவை. இங்கே அரிசி மறுக்கப்படுகிற ஆயாவும், அங்கே திருட்டு ரேகையால் கணக்குக் காலியாகிறவரும் ஒரே ஆள். மெஷினின் இரண்டு வகைத் தவறும் ஒரே தலையில் விழுகிறது.

ஆதார் ஆணையம் 2023-இல் உயிருள்ள விரலா என்று செயற்கை நுண்ணறிவால் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ரப்பருக்கு அது தடை என்றால் நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு புதுச் சல்லடையிலும் முதலில் சிக்குவது தேய்ந்த விரல்தான் என்று எனக்குப் பயம். ரேகையைப் பூட்டி வைக்கிற வசதியும் கொடுத்திருக்கிறார்கள். ஆதாரோடு இணைத்த செல்போன் இருந்தால் ஆதார் ஆணையத்தின் செயலியில் பூட்டலாம், வேண்டும்போது திறந்தால் 10 நிமிடம் திறந்திருந்து தானாகப் பூட்டிக்கொள்ளும். விரல் வைத்துப் பணம் எடுக்கிற வழக்கம் இல்லாதவர்கள் எல்லோரும் இன்றே பூட்டுங்கள், நான் மனதார வேண்டிக் கேட்கிறேன். ஆனால் பூட்டினால் ரேஷன் கடையில் 330 வரும். வரிசையில் முறை வந்ததும் போனை எடுத்து, சிக்னல் பிடித்து, ஓடிபி வாங்கி, 10 நிமிடத்துக்குள் விரலை வைக்க வேண்டும். ஆதாரோடு இணைத்த செல்போன் இல்லாதவருக்கு இது வழியே இல்லை. பணத்தைக் காப்பாற்றுவதா, அரிசி வாங்குவதா என்று அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம்.

பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், அதே நாளில் வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளர் இழப்பை ஏற்க வேண்டியதில்லை; மூன்றாம் ஆளுடையது என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் ஏற்க வேண்டியதில்லை. நாள் தள்ளிப்போகப் போகப் பொறுப்பு நம் தலையில் ஏறும். குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் வருவதால் படிக்காமல் விடுகிறவர்கள்தான் இந்த மூன்று நாளை இழக்கிறார்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பாட்டியின் போனை வாரம் ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

யார் கணக்கில் எழுதுவது

ரேகை பொருந்தாமை அரசுக்குத் தெரியாத விஷயமே இல்லை. 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையிலேயே ஜார்க்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37 சதவீதம், குஜராத்தில் 6 சதவீதம் என்று தோல்வி மதிப்பீடுகள் அச்சாகியிருக்கின்றன. 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் ஆணையமே அரசுச் சேவைகளில் சுமார் 12 சதவீதம் சரிபார்ப்பு தோல்வியாவதாகச் சொன்னது. தெரிந்துதான் கட்டாயமாக்கினார்கள்.

தமிழ்நாட்டில் நிலைமை அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை என்றால் அதற்கு நல்ல காரணமும் உண்டு, மறைக்கிற காரணமும் உண்டு. நல்ல காரணம், இங்கே ரேஷன் எல்லோருக்கும் உண்டு, கார்டில் பெயர் உள்ள யார் விரல் வைத்தாலும் பொருள் கிடைக்கும். மறைக்கிற காரணமும் அதேதான். பாட்டியின் விரல் பத்துத் தடவை தோற்று, பேரன் பள்ளியை விட்டு ஓடிவந்து விரல் வைத்தால், அந்தக் கார்டு அந்த மாதம் வாங்கிய கார்டு. மூன்று நாள் நடந்து மூன்றாம் நாள் வாங்கினாலும் அப்படித்தான். போன இரண்டு நாள் கூலியை எழுத எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லை. தனியாக இருக்கிற முதியவர், ஒற்றை ஆள் கார்டு, பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட்ட வீடு, இவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் கூட்டமாக வந்து கேட்பதும் இல்லை.

சரி, அடையாளம் தெரியவில்லை என்றால் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாமே என்கிறார்கள். 100 ரூபாயாக இருந்த ரேகைப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 அக்டோபரிலிருந்து 125. இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை 2022-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2018-19-இல் நடந்த 3.04 கோடி ரேகைப் புதுப்பிப்புகளில் 73 சதவீதத்துக்கும் மேல், பழுதான பதிவைச் சரிசெய்ய மக்களே காசு கொடுத்து வந்து செய்துகொண்டவை என்று அது சொல்கிறது. முதல் தடவை சரியாகப் பதியாதது யார் தவறு? அதற்கு ஒரு நாள் கூலியையும் விட்டு, பஸ்ஸுக்கும் கொடுத்து, கட்டணமும் கட்டுவது யார்? அந்தக் கட்டணத்தை மறுபரிசீலனை செய்யச் சொன்னது அரசின் சொந்தத் தணிக்கைத் துறை. கட்டணம் ஏறித்தான் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டால் திருட்டு நின்றதா என்றும் பார்க்க வேண்டும். ரேஷன் கடையில் என்ன வகைத் திருட்டு நடக்கும் என்று சேலத்துக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 20 கிலோ அரிசிக்கு விரல் வைக்கிறீர்கள், பில் அடிக்கிறது, அதற்குப் பிறகுதான் அரிசி பைக்குள் விழுகிறது. பதினெட்டரை கிலோ விழுந்தால் அந்த விரலுக்கு என்ன தெரியும்? மெஷினில் 20 கிலோவுக்கு நீங்களே சாட்சி. போலி ஆள் வாங்குவதை மட்டும்தான் ரேகை தடுக்கும், எடைக் குறைவை ஒரு நாளும் தடுக்காது. ஜார்க்கண்டில் நடத்தி 2020-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வும் இதைத்தான் கண்டது: ரேகை முறையால் மட்டும் கசிவு குறையவில்லை, சராசரிப் பயனாளி ரேஷன் வாங்க ஆகிற செலவும் அலைச்சலும் 17 சதவீதம் ஏறியது, முன்பே ஆதாரை இணைக்காதவர்களுக்குக் கிடைத்த பொருள் 10 சதவீதம் குறைந்தது. தராசையும் பில் மெஷினையும் இணைக்கிற வேலை இங்கே பல வருஷம் கழித்து, 2025 வாக்கில்தான் வந்தது. ஆயாவின் விரலைச் சந்தேகிக்க முதலில் தோன்றியது, தராசைச் சந்தேகிக்கக் கடைசியில் தோன்றியது. அந்த வரிசைமுறையில்தான் அரசியல் இருக்கிறது.

கம்பெனிகளின் பக்கம் கணக்கு வேறு மாதிரி. மெஷின் விற்றவருக்கு மெஷினுக்குக் காசு, ரேகைக் கருவியின் மென்பொருளுக்கு வருஷா வருஷம் சந்தா. 2019-இல் இந்தச் சரிபார்ப்பை வாங்குகிற நிறுவனங்களுக்கு ஒரு ஆம்-இல்லைப் பதிலுக்கு 50 காசு என்று விலை வைத்தார்கள். பதில் தவறாக இருந்தால் பாதிக்கப்பட்டவருக்கு எவ்வளவு என்று விலை வைத்ததாக எந்த விதியிலும் இல்லை. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆதார் சட்டத்தின் 57-ஆம் பிரிவில் தனியார் நிறுவனங்களுக்கு இருந்த வழியை அடைத்தது. 2025 ஜனவரி 31 அன்று நல்லாட்சி என்ற தலைப்பில் வந்த திருத்த விதிகள் தனியாருக்கு மறுபடி வழி திறந்தன. ஏழு வருஷத்துக்குள் கதவு அடைபட்டு, வேறு பெயரில் திறந்திருக்கிறது. தொலைக்காட்சி விவாதம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. 2021-இல் தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத் திருடர்களின் தளத்தில் கிடப்பதாக ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் சொன்னபோதும் அப்படித்தான், இரண்டு நாள் செய்தி.

மலையில்

சேர்வராயன் மலையில் இது எல்லாமே இரண்டு மடங்கு. ஏற்காடு டவுனில் சிக்னல் உண்டு. நாகலூர், மாரமங்கலம் தாண்டி உள்ளே இருக்கிற மலைக்கிராமங்களில் பல இடத்தில் மேட்டில் ஏறினால் ஒரு கோடு வரும், இறங்கினால் போய்விடும். ரேகை நன்றாகவே விழுந்தாலும், அந்தப் படம் சர்வருக்குப் போய் ஆம் என்ற பதில் திரும்பி வந்தால்தான் பில் அடிக்கும். பகுதிநேரக் கடைகள் எல்லா நாளும் திறப்பதில்லை. திறக்கிற நாளில் சர்வர் வரவில்லை என்றால் அடுத்த முறை திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். எஸ்டேட் வேலைக்குப் போகிறவருக்கு அது இன்னொரு கூலி போன கணக்கு.

காலத்தையும் கவனியுங்கள். அராபிகா பழம் பறிப்பது நவம்பரிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வரை. அதை ஒட்டி மிளகு. பழத்தின் பசை விரலில் ஒட்டி, அதன் மேல் மண் ஒட்டி, கறுப்பாகக் காய்ந்து, சோப்புப் போட்டாலும் போகாத கறையாகிவிடும். மலைப் பனியில் தோல் வெடிக்கிறது. வருஷத்திலேயே விரல் மிக மோசமாக இருக்கிற நாட்கள் இவை. பொங்கல் பரிசுக்கு வரிசையில் நிற்கச் சொல்வதும் இதே நாட்களில்தான்.

ரேகை ஒன்றுதான் வழி என்று யாரும் ஏமாற்ற முடியாது, வழிகள் எழுத்தில் இருக்கின்றன. மத்திய அமைச்சரவைச் செயலகத்தின் 2017 டிசம்பர் 19 சுற்றறிக்கை, ரேகை பொருந்தாவிட்டால் கண் கருவிழி, அதுவும் இல்லையென்றால் ஓடிபி, அதுவும் முடியாவிட்டால் பதிவேட்டில் எழுதிக்கொண்டு பொருளைக் கொடுக்க வேண்டும் என்கிறது. கருவிழி பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றி, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணை அகலத் திறக்க வேண்டும். ஓடிபியில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் வருகிறது: ஆதாரோடு இணைத்த எண் வேறு, ரேஷன் கார்டில் கொடுத்த எண் வேறு. எந்த எண்ணுக்கு ஓடிபி அனுப்புகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போனைப் பாருங்கள். நடக்க முடியாதவர்கள் இன்னொருவரை அனுப்ப அங்கீகாரப் படிவம் உண்டு, கடையிலேயே கேளுங்கள். 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே வருகிறது. மனதாரப் பாராட்ட வேண்டிய திட்டம், அரசியல்வாதிகளை எளிதில் நம்பாத நானே சொல்கிறேன். ஆனால் வண்டியோடு அந்தக் கண்ணாடியும் வீட்டு வாசலுக்கு வருகிறது. அங்கேயும் பொருந்தவில்லை என்றால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள் என்று வாசலிலேயே கேட்க வேண்டும்.

திருப்பி அனுப்பினால் ரேஷன் புகார் எண் 1967-க்கு அழையுங்கள், தேதி, நேரம், பிழை எண் மூன்றையும் சொல்லுங்கள். பிழை எண் இல்லாத புகாருக்கு "சர்வர் பிரச்சினை" என்று ஒரு வரியில் பதில் வரும். எண் இருந்தால் வட்ட வழங்கல் அலுவலகம் அப்படிச் சொல்ல முடியாது. கிராம சபையில், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாளில் எதிலாவது எழுந்து நின்று, போன மாதம் இந்தக் கடையில் எத்தனை பேர் ரேகை பொருந்தாமல் திரும்பிப் போனார்கள் என்று கேளுங்கள். எத்தனை கார்டு வாங்கியது என்ற எண்ணிக்கையைத்தான் வாசிப்பார்கள். அது வேண்டாம், திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று மறுபடி கேளுங்கள், பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து முகத்தைப் பார்த்துக் கொடுக்கப் போகிறோம் என்று எந்த நாளும் ஒரு செய்தி வரலாம், புதுமை என்று பத்திரிகைகள் கொண்டாடும். முகத்துக்கும் பாஸ் மார்க் உண்டு. அந்த மார்க்கை யார் வைத்தார்கள், அதில் தோற்றவருக்கு அன்றைக்கே அரிசி உண்டா என்ற இரண்டையும் எழுதாத செய்தியை நான் பாதிச் செய்தியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை வரிசையில் சில கார்டுகளின் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் "இ.மோ." என்று எழுதியிருக்கிறது. இடது மோதிர விரல். ஒரு விற்பனையாளர் ஒரு மாதம் பத்து விரலையும் பொறுமையாக வைத்துப் பார்த்து, விழுகிற விரல் எது என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தது. எந்த அறிவிப்பிலும் வராத, யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்காத வேலை. அந்தக் கார்டை நீட்டுகிற ஆயாக்கள் முந்தானையில் விரலைத் துடைப்பதில்லை, நேராக இடது கையை நீட்டுகிறார்கள்.